மூன்று பெடல்கள்

கொல்கத்தாவின் மல்லிக் பஜாரில் பகல் முழுவதும் இரும்பின் ஓசை அடங்குவதில்லை. கழற்றிய எஞ்சின்களும் கியர்ப் பெட்டிகளும் நடைபாதை வரை அடுக்கிக் கிடக்கும் அந்தச் சந்தையை ஒட்டிய சந்து ஒன்றில், தகரக் கூரையிட்ட ஒரு பட்டறை இருக்கிறது. அதற்குப் பெயர்ப் பலகை கிடையாது. ஜனவரி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் அதன் முற்றத்தில் ஐந்து வண்டிகள் நின்றன. ஒரு ஃபோர்டு மாடல் டி, ஓர் ஆஸ்டின் செவன், ஒரு மோரிஸ் எய்ட், ஒரு குட்டி ஃபியட் டோப்போலினோ, பக்கப் பெட்டி இணைத்த ஒரு பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள். ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஐந்தும் ஒன்றன்பின் ஒன்றாக மைதானத்துக்குச் சென்று, அங்கிருந்து புறப்படும் பழங்கால வண்டிப் பேரணியில் சேர்ந்துகொள்ள வேண்டும். இடையில் இருந்தவை இரண்டரை நாட்கள்.

இந்தியாவில் இத்தகைய பேரணிகளின் வரலாறு அறுபது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் 1964இல் தில்லியிலும் 1968இல் கொல்கத்தாவிலும் தொடங்கி வைத்த வழக்கம் இன்று பல நகரங்களின் குளிர்காலக் காட்சியாகிவிட்டது. மெருகேற்றிய பித்தளை விளக்குகளையும், வண்டியின் காலத்துக்கேற்ற உடை அணிந்த உரிமையாளர்களையும், கைப்பேசியுடன் முண்டியடிக்கும் கூட்டத்தையும் மறுநாள் நாளிதழ்கள் படமாக வெளியிடும். அந்தக் காட்சிக்கு முந்தைய இரவுகளை யாரும் படம் எடுப்பதில்லை.

பட்டறைக்காரரை அந்தச் சந்தில் எல்லோரும் உஸ்தாத் என்றே அழைக்கிறார்கள். வயது எழுபத்தெட்டு. பன்னிரண்டாம் வயதில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையனாக வந்தவர். ஐந்து வண்டிகளின் குணமும் அவருக்கு அத்துப்படி. ஆஸ்டினின் கிளட்ச் பெடல் விரலளவுகூட இறங்காது, அதற்குள் பிடித்துவிடும். அதன் பின்சக்கரங்களைக் காலாலும் முன்சக்கரங்களைக் கைநெம்புகோலாலும் தனித்தனியே நிறுத்த வேண்டும். டோப்போலினோவில் ரேடியேட்டர் எஞ்சினுக்குப் பின்னால் இருக்கிறது. அதை அறியாத மெக்கானிக் முன்னால் தேடிக்கொண்டு நிற்பார். இந்த நான்கைப் பற்றியும் அவருக்குக் கவலை இல்லை. உரிமையாளர்களே ஓட்டிப் பழகியவர்கள்; எண்ணெய் மாற்றி, பிரேக் கம்பிகளை இறுக்கி, டயர்களைப் பார்த்துவிட்டால் போதும். கவலையெல்லாம் ஃபோர்டைப் பற்றியே இருந்தது.

மாடல் டி அரிய வண்டி என்று சொல்ல முடியாது. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்யப்பட்ட வண்டி அது. பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட நாடுகளுக்குக் கனடாவின் ஃபோர்டு நிறுவனம் வலப்புறச் சக்கரத்தோடு அனுப்பி வைத்தது. அந்த வழியில் கல்கத்தாவுக்கு வந்த வண்டியை, இப்போதைய உரிமையாளரான வழக்கறிஞரின் பாட்டனார் வாங்கியிருந்தார். நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அதன் நட்டும் போல்ட்டும் அமெரிக்காவில் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. பணம் கட்டினால் தபாலில் வந்து சேரும். உதிரி பாகம் கிடைக்கிறது. அதை ஓட்டத் தெரிந்த கால்தான் கிடைப்பதில்லை.

காரணம் அதன் மூன்று பெடல்கள். இன்றைய ஓட்டுநர் ஒருவர் அதில் ஏறி அமர்ந்து கீழே பார்த்தால் கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர் என்று நினைத்து நிம்மதியடைவார். அந்த நிம்மதிதான் ஆபத்து. இடப் பெடலை அடிவரை மிதித்தால் வண்டி லோ கியரில் முன்னே நகரும். பாதியில் நிறுத்தினால் நியூட்ரல். கைநெம்புகோல் முன்னே தள்ளியிருக்கும்போது காலை முழுக்க எடுத்துவிட்டால் டாப் கியர். நடுப் பெடல் வண்டியைப் பின்னோக்கி ஓட்டும். வலப் பெடல் பிரேக். ஆக்சிலரேட்டர் காலடியில் இல்லவே இல்லை. ஸ்டியரிங்கின் கீழே வலப்புறம் ஒரு சிறு நெம்பாக இருக்கிறது. இடப்புற நெம்பு, பிளக்குகளில் தீப்பொறி விழும் நேரத்தை முன்னும் பின்னும் தள்ளுவதற்கு. அதை மேலே ஏற்றிவைக்காமல் கைப்பிடியைச் சுழற்றினால் எஞ்சின் எதிர்த்து உதைக்கும். மணிக்கட்டு முறிந்தவர்கள் அக்காலத்தில் பலர்.

ஆண்டுதோறும் இந்த வண்டியைப் பேரணியில் ஓட்டியவர் உஸ்தாத். வழக்கறிஞர் வேட்டியும் பஞ்சாபியும் சால்வையுமாகப் பக்கத்து இருக்கையில் அமர்ந்து வருவார். இரண்டு குளிர்காலம் முயன்றும் அவருக்குப் பெடல்கள் வசப்படவில்லை. இப்போது முழங்காலும் ஒத்துழைப்பதில்லை. இந்த ஆண்டு உஸ்தாதின் கண்களில் புரை. ஒரு கண்ணில் அறுவை முடிந்தது, மற்றது காத்திருக்கிறது. ஓட்டுநர் உரிமம் காலாவதியாகிவிட்டது. பேரணி விண்ணப்பத்தில் செல்லுபடியாகும் உரிம எண் கேட்கிறார்கள். எஞ்சியிருந்தவன் மகள் வயிற்றுப் பேரன். இருபத்துநான்கு வயது, பட்டயப் படிப்பு முடித்து ஐந்து ஆண்டுகளாக வாடகைக் கார் ஓட்டுபவன். அந்த ஐந்து ஆண்டுப் பழக்கம் உதவுமா, இடையூறாகுமா என்பது வியாழக்கிழமை வரை யாருக்கும் தெரியவில்லை.

வியாழன் இரவு முதலில் வேறொரு சிக்கல் வந்தது. பத்து மணியளவில் பெட்ரோல் வாடை எழுந்தது. கார்புரேட்டர் நிரம்பித் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. உஸ்தாத் அதைக் கழற்றி மிதவையை எடுத்தார். அந்தக் காலத்துக் கார்புரேட்டரின் மிதவை கார்க்கால் ஆனது. பெட்ரோல் ஊறாமல் இருக்க அதன்மேல் அரக்கு பூசுவார்கள். அவருடைய உஸ்தாத் அப்படித்தான் கற்றுக்கொடுத்தார். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவரும் அப்படியே பூசினார். இப்போது பூச்சு கரைந்து, கார்க் பெட்ரோலைக் குடித்துக் கனத்துப்போய் மூழ்கியிருந்தது. மிதக்க வேண்டியது மூழ்கினால் பெட்ரோல் வரும் வழியை அடைக்க ஆளில்லை.

"என் கையில்தான் ஏதோ பிசகு," என்றார் உஸ்தாத். அறுபத்தாறு ஆண்டுத் தொழிலில் அவர் அப்படிச் சொல்லிக் கேட்டவர்கள் குறைவு.

பேரன் கைப்பேசியில் தேடிக்கொண்டிருந்தான். சற்று நேரம் கழித்து, "நானா, பிசகு உங்கள் கையில் இல்லை, பெட்ரோலில்," என்றான். தச்சர்கள் பிரெஞ்சு பாலிஷ் செய்ய அரக்கை ஸ்பிரிட்டில்தான் கரைக்கிறார்கள். அரக்கு பெட்ரோலுக்கு அசையாது, ஆல்கஹாலில் கரைந்துவிடும். இன்று இந்தியாவில் பரவலாக விற்கப்படும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால், அதாவது ஆல்கஹால், கலக்கப்படுகிறது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கார்க்கின்மேல் ஃபெவிக்விக் வகைப் பசையைப் பூசிச் சமாளிப்பதாக அவன் படித்துச் சொன்னான். உஸ்தாத் நம்பவில்லை. ஆனாலும் கைவசமிருந்த புதிய கார்க் மிதவை ஒன்றை எடுத்து, தானே பசையைப் பூசிக் காயவைத்து, ஒரு கண்ணாடிக் குவளைப் பெட்ரோலில் போட்டு மூடி வைத்தார். காலையில் அது மேலேயே நின்றது. குவளையை இரண்டு முறை ஆட்டிப் பார்த்தார். பிறகு அரக்குப் புட்டியை எடுத்து மேல் தட்டில் ஓரமாக வைத்தார், எறியவில்லை.

கைவினை அறிவைப் பற்றி எழுதுவோர் அதை என்றும் மாறாத பொக்கிஷமாகவே காண விரும்புகிறார்கள். அந்தக் குவளை வேறொன்றைச் சொன்னது. குரு கற்றுக்கொடுத்தது சரியாகவே இருந்தது. அது சரியாக இருந்த உலகம் மாறிவிட்டது. மரபறிவு பெட்ரோலின் கலவையைக்கூட நம்பித்தான் இருக்கிறது. அதைச் சரிசெய்ய அடுத்த தலைமுறையின் கைப்பேசி தேவைப்பட்டது. மறுநாள் நடந்ததோ கைப்பேசியால் முடியாத ஒன்று.

வெள்ளி மாலை, அருகிலிருந்த ஒரு காலிக் கிடங்கின் முற்றத்தில் பயிற்சி நடந்தது. பேரன் முதல் ஒரு மணி நேரம் நன்றாகவே ஓட்டினான். உஸ்தாத் ஓட்டும் ஐந்து காணொளிகளை எடுத்து வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்திருந்தான். தீப்பொறி நெம்பு எவ்வளவு இறங்க வேண்டும் என்று கேட்டபோது, "எஞ்சின் கேட்கிற அளவு," என்று பதில் வந்தது. அவன் அதன் பல்வரிசையில் சுண்ணக்கட்டியால் மூன்று கோடுகள் போட்டுக்கொண்டான். உஸ்தாத் அதைப் பார்த்துச் சிரித்தார், அழிக்கவில்லை.

அப்போது வாயிலிலிருந்து ஒரு கைவண்டி திடீரென்று உள்ளே திரும்பியது. பேரனின் இரண்டு கால்களும் ஒரே கணத்தில் அடிவரை இறங்கின. வாடகைக் காரில் அவன் உயிரைப் பலமுறை காத்த அசைவு அது: இடக்கால் கிளட்ச், வலக்கால் பிரேக். ஆனால் இந்த வண்டியில் இடக்கால் லோ கியரை இறுகப் பிடித்தது. பிரேக் ஒரு பக்கம் இழுக்க, எஞ்சின் மறுபக்கம் தள்ள, வண்டி உறுமிக்கொண்டு முன்னேறியது. உஸ்தாத் எட்டி டாஷ்போர்டிலிருந்த சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார். கைவண்டிக்கும் ரேடியேட்டருக்கும் இடையே ஒரு முழம் இருந்தது.

யாரும் சத்தம் போடவில்லை. சற்று நேரம் கழித்துப் பேரன் கேட்டான்: "நானா, இப்படி ஒன்று குறுக்கே வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?"

"பிரேக் போடுவேன்."

"நானும் அதைத்தானே செய்தேன்."

உஸ்தாத் பதில் சொல்லவில்லை. அவருக்குப் பதில் தெரியவில்லை. இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ முறை அந்த வண்டியைச் சட்டென்று நிறுத்தியவர், எப்படி நிறுத்தினார் என்று ஒருமுறைகூடத் தன்னையே கேட்டுக்கொண்டதில்லை. காணொளிகளிலும் அது இல்லை. படம் எடுத்த நாட்களில் எதுவும் குறுக்கே வரவில்லை.

அவர் ஓட்டுநர் இருக்கைக்கு மாறினார். கிடங்கின் கதவை மூடச் செய்து, வண்டியை டாப் கியரில் மெதுவாக வட்டமடிக்க விட்டார். நான் எதிர்பார்க்காத நேரத்தில் ஒரு காலி டின்னை முன்னால் எறி என்று பேரனிடம் சொன்னார். இரண்டு சுற்று ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் சுற்றில் டின் பறந்தது. அது தரையில் விழுந்து உருளும் முன்பே வண்டி நின்றுவிட்டது. உஸ்தாத் குனிந்து தன் வலக்கையைப் பார்த்தார். அது கைநெம்புகோலைப் பின்னால் இழுத்துப் பிடித்திருந்தது. இடக்கால் பெடலைத் தொடவே இல்லை. தரையில் தட்டையாகக் கிடந்தது.

மாடல் டியில் கைநெம்புகோலைப் பின்னால் இழுத்தால் இரண்டு வேலைகள் ஒருங்கே நடக்கும். பின்சக்கரங்களின் பிரேக் பிடிக்கும். இடக்கால் பெடலை விட்டிருந்தாலும் வண்டி டாப் கியருக்குப் போகாமல் நியூட்ரலில் நிற்கும். வடிவமைப்பில் உள்ள எளிய உண்மை இது. கையேட்டில் தேடினால் கிடைக்கும். அச்சம் வரும் கணத்தில் அதை நாட வேண்டும் என்பதைத்தான் உஸ்தாதின் கை எப்போதோ தானாகக் கற்றிருந்தது, அவரிடம்கூடச் சொல்லாமல்.

"இடக்காலை எடு. வலக்கையால் இழு," என்றார். "பயம் வந்தால் காலை நம்பாதே." தான் சொல்லிக்கொண்டிருப்பதைத் தானே முதன்முறையாகக் கேட்பவர்போல் அதை இன்னொரு முறை சொன்னார். அன்று இரவு பதினொரு மணி வரை டின்கள் பறந்தன. எஞ்சினை நிறுத்தியபின், செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு பேரன் மேலும் ஒரு மணி நேரம் இருக்கையில் அமர்ந்து பழகினான்.

மைக்கேல் போலானி சொல்லில் அடங்கா அறிவைப் பற்றி எழுதியபோது மிதிவண்டி ஓட்டுபவரை எடுத்துக்காட்டினார்: சமநிலையைக் காக்கும் விதியை அறியாமலேயே ஒருவர் அதைக் கடைப்பிடிக்கிறார். பல்கலைக்கழகக் கருத்தரங்குகளில் இக்கருத்து அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. அவ்வறிவைப் பதிவு செய்ய முதியோரைச் சந்தித்து நேர்காணல் எடுக்க வேண்டும், காணொளி எடுக்க வேண்டும் என்று திட்டங்கள் எழுதப்படுகின்றன. அவை தேவையானவைதாம். ஆனால் அந்தக் கிடங்கில் உஸ்தாதை நேர்காணல் செய்திருந்தால் அவர், "பிரேக் போடுவேன்," என்றே சொல்லியிருப்பார், அதுவே ஆவணமாகியிருக்கும். உண்மையை வெளியே கொண்டுவந்தது மாணவனின் பிழை. கற்பவன் தவறு செய்யும்போதுதான் கற்றவரின் உடல் தனக்குள் வைத்திருப்பதைக் காட்டுகிறது. ஆகவே கற்பவன் இல்லாத இடத்தில் இவ்வறிவுக்கு ஆவணமும் இல்லை. சீடன் வராத பட்டறையில் முதியவர் இறக்கும்போது, அவர் சொல்லாமல் விட்டவற்றோடு, தனக்குத் தெரியும் என்று அவரே அறியாதவையும் சேர்ந்து போகின்றன.

2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட திருத்தம், ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டிகளுக்குத் தனிப் பதிவு வகை ஒன்றை ஏற்படுத்தியது. அவ்வாறு பதிவான வண்டிகளைக் காட்சிக்காகவும், தொழில்நுட்ப ஆய்வுக்காகவும், பேரணிகளுக்காகவும் சாலையில் ஓட்டலாம் என்று அது சொல்கிறது. வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும் என்பதும் அதன் நிபந்தனை. உலோகத்தின் அசல் தன்மையைக் காக்க இப்படி ஒரு விதி இருக்கிறது. அதை ஓட்டும் முறையின் அசல் தன்மையைக் காக்க விதி எதுவும் எழுத முடியாது. ஆண்டுக்கு ஒருமுறை யாராவது ஒருவர் அதை ஓட்டித்தான் ஆக வேண்டும். பேரணி என்பது செல்வந்தர்களின் பொழுதுபோக்கு என்ற விமர்சனத்தில் உண்மை உண்டு. அந்தப் பொழுதுபோக்கு இல்லையென்றால் வெள்ளிக்கிழமை மாலை அந்தக் கிடங்கில் ஒருவனும் டின் எறிந்திருக்க மாட்டான் என்பதும் உண்மை.

சனி இரவு விண்ணப்பத்தின் இறுதிப் படிவத்தைக் கைப்பேசியில் நிரப்பும் வேலை பேரனுக்கு வந்தது. வழக்கறிஞர் நாற்காலியில் அமர்ந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தார். உரிமையாளர், வண்டியின் பெயர், ஆண்டு, சேஸிஸ் எண், ஓட்டுநர் எனக் கட்டங்கள் நிறைந்தன. அடுத்த கட்டம், வண்டியைச் சீரமைத்தவர் யார் என்று கேட்டது.

"பாபுவின் பெயரைப் போடு," என்றார் உஸ்தாத், வண்டியின் அடியில் படுத்தவாறே. எண்ணெய் அளவைப் பார்க்க மாடல் டியில் அளவுகோல் கிடையாது. கீழே புகுந்து இரண்டு சிறு குழாய்களைத் திறந்து பார்க்க வேண்டும். "எப்போதும் அப்படித்தான் போடுவார்கள்."

அது உண்மை. பணம் கொடுத்தவரே சீரமைத்தவர் என்ற கணக்கில் ஒவ்வோர் ஆண்டும் அந்தக் கட்டம் நிரம்பியது. அதில் வஞ்சகம் எதுவும் இருந்ததாக யாரும் நினைத்ததில்லை, உஸ்தாத் உட்பட.

பேரன் எதுவும் எழுதாமல் வழக்கறிஞரைப் பார்த்தான். அவர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

"உஸ்தாதின் பெயரை எழுது," என்றார். பிறகு சற்றுத் தயங்கி, "முழுப் பெயர் என்ன?" என்று கேட்டார்.

முப்பத்தொரு ஆண்டுகளாக அந்தச் சந்துக்கு வந்து செல்பவர் அவர். உஸ்தாதின் மகள் திருமணத்துக்கு வந்திருக்கிறார். கண் அறுவைக்குப் பணம் கொடுத்திருக்கிறார். அந்தக் கேள்வி அவர் வாயிலிருந்து வந்தபின் பட்டறையில் எழுந்த அமைதியை அவரும் உணர்ந்திருக்க வேண்டும். வண்டிக்கு அடியிலிருந்து பதில் உடனே வரவில்லை. ஒரு குழாய் மூடப்படும் சத்தம் கேட்டது. பின்னர் உஸ்தாத் தன் பெயரையும் தகப்பனார் பெயரையும் சேர்த்து, அரசாங்க அலுவலகத்தில் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பேரன் எழுத்துக் கூட்டித் தட்டச்சு செய்தான்.

"எண்ணெய் சரியாக இருக்கிறது," என்றார் உஸ்தாத்.

ஞாயிறு அதிகாலை ஐந்தரை மணிக்குப் பனி இறங்கியிருந்தது. பி.எஸ்.ஏ. முன்னே சென்றது, ஆஸ்டினும் டோப்போலினோவும் மோரிஸும் தொடர்ந்தன. ஃபோர்டு கடைசி. உஸ்தாத் தீப்பொறி நெம்பை மேலே தள்ளிவிட்டு, பேரனைக் கைப்பிடியருகே நிறுத்தினார். இடக்கையால் பிடி, கட்டை விரலைச் சுற்றிக்கொள்ளாதே, மேல்நோக்கி மட்டும் இழு என்று மூன்று முறை சொன்னார். இரண்டாம் இழுப்பில் மரப்பெட்டிக்குள் நான்கு காயில்களும் தேனீக் கூட்டம்போல் இரைந்தன, எஞ்சின் பிடித்துக்கொண்டது. பெட்ரோல் வாடை இல்லை. வழக்கறிஞர் இம்முறை பின்னிருக்கையில் ஏறிக்கொண்டார், முன்னிருக்கை உஸ்தாதுக்கு.

மல்லிக் பஜார் சந்திப்பைத் தாண்டும்போது, விளக்கில்லாத மிதிவண்டியில் பால் கேன்களோடு ஒருவர் குறுக்கே வந்தார். ஃபோர்டு சத்தமின்றி நின்றது. பால்காரர் நூறாண்டு வண்டியை ஒருமுறை வியப்போடு பார்த்துவிட்டுப் போய்விட்டார். வழக்கறிஞர் பின்னாலிருந்து, "என்ன ஆயிற்று?" என்றார். "ஒன்றும் இல்லை, பாபு," என்றார் உஸ்தாத். அவர் சாலையைப் பார்க்கவில்லை. பேரனின் வலக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.